வாங்கிய பெட்டிக்குச் சாவி எங்கே?

2000-ஆம் ஆண்டில் பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பையன் ஒருவனுக்கு நான் ஓர் உபதேசம் செய்தேன். "இது திருட்டு, பேட்டா" என்றேன். சென்ற தீபாவளியன்று அதே பையன், இப்போது நாற்பதை நெருங்கும் மனிதன், என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, "சோரி தோ சோரி ஹை, அங்கிள்" என்று என் உபதேசத்தை எனக்கே திருப்பிப் படித்துச் சிரித்தான். திருட்டு என்றால் திருட்டுத்தானே என்கிறான்! நான் செய்த காரியம் திருட்டா, இல்லையா என்று பல நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அதைச் சங்க அன்பர்கள் முன் வைக்கிறேன்.

காரியம் என்னவோ சின்னதுதான். பழைய கம்ப்யூட்டர் ஆட்டம் ஒன்றை அதன் சி.டி. இல்லாமல் ஓட வைத்தோம். அவ்வளவே. ஆனால் அதற்குள் இருக்கும் கேள்வி அவ்வளவு சின்னதல்ல.

அப்போது நாங்கள் தில்லி ராமகிருஷ்ணபுரத்தில் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். மகள் எட்டாம் வகுப்பு. கணக்கில் தொண்ணூறுக்கு மேல் வாங்கினால் கம்ப்யூட்டர் ஆட்டம் வாங்கித் தருகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். வாங்கிவிட்டாள். நேரு பிளேஸுக்குப் போனோம். நடைபாதையில் விரித்த துணியில் எந்த ஆட்டமானாலும் நூறு ரூபாய்க்குள். கண்ணாடிக் கதவு போட்ட கடையில் அதே ஆட்டம் அட்டைப் பெட்டி, புத்தகம் சகிதம் ஆயிரத்துச் சொச்சம். எனக்கோ தணிக்கை இலாகாவில் உத்தியோகம். பிறர் கணக்கில் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன் நடைபாதையில் குனிய முடியுமா? கண்ணாடிக் கதவைத் திறந்தேன். ரசீதும் கேட்டு வாங்கினேன். அந்த மாதம் வீட்டுக் கணக்கில் துண்டு விழுந்ததை என் மனைவி இன்றைக்கும் நினைவூட்டுவாள்.

அடுத்த வீட்டுப் பையன் அதே ஆட்டத்தை நடைபாதையில் வாங்கி வந்தான். அவனுக்குத்தான் அந்த உபதேசம். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். பிறகு போய் ஆடினான்.

எங்களுக்கு நாகபுரி, ஹைதராபாத் என்று மாற்றல்கள் வந்தன. மூட்டை கட்டும்போதெல்லாம் உரலும் இட்லித் தட்டும் பயணப்பட்டதுபோல அந்தப் பெட்டியும் கூடவே வந்தது. ஓய்வு பெற்றுத் துவாரகாவில் குடியேறினோம். சென்ற தீபாவளிக்கு மகள் புனேயிலிருந்து தன் ஒன்பது வயது மகனோடு வந்திருந்தாள். பரணைச் சுத்தம் செய்தபோது பெட்டி அகப்பட்டது. "அம்மா சின்ன வயசில் ஆடினதை நானும் ஆடணும், தாத்தா" என்றான் பேரன். நியாயமான ஆசைதானே?

முதல் தடை: மகளுடைய லேப்டாப்பில் சி.டி. போட வாயே இல்லை. "இதை எங்கே சொருகறது?" என்று பேரன் நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தான். வெளியே இணைக்கும் டிரைவ் ஒன்று வாங்கி வந்தேன். இரண்டாவது தடை: சி.டி.யின் மேல்புறத்தில் என் மகள் பால்பாயிண்ட் பேனாவால் தன் பெயரைத் தமிழில் எழுதி வைத்திருந்தாள். அந்த வருஷம்தான் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் எழுதப் பழகியிருந்தாள். பெயர் எழுதியிருந்த இடத்தில் டிரைவ் திணறி நின்றது.

இது எனக்கு அதுவரை தெரியாத சங்கதி. பளபளப்பான அடிப்பக்கத்தைத்தான் நாம் கண்ணும் கருத்துமாகக் காப்போம். ஆனால் சி.டி. என்பது 1.2 மில்லிமீட்டர் கனமுள்ள பிளாஸ்டிக் வில்லை. விவரம் பதிந்த மெல்லிய உலோகப் பூச்சு இருப்பது மேல்பக்கத்தில், படம் அச்சடித்த பக்கத்துக்குச் சற்றே கீழே. அடிப்பக்கத்துக் கீறலைத் தேய்த்து மெருகேற்றிச் சரிசெய்யலாம்; மேல்பக்கத்தில் பேனா அழுத்திவிட்டால் போனது போனதுதான். நல்ல காலம், குழந்தை அதிகம் அழுத்தவில்லை. திரும்பத் திரும்ப முயன்று ஒருவழியாக எல்லாம் படிக்கப்பட்டது.

மூன்றாவது தடைதான் வயிற்றெரிச்சல். ஆட்டத்தை நிறுவியாயிற்று, துவக்கினால், சரியான சி.டி.யைப் போடு என்று திரையில் கட்டளை வந்தது. சரியான சி.டி. உள்ளேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது! ரசீது என் கையில் இருக்கிறது! எத்தனை முறை போட்டாலும் அதே பதில். சொந்த வீட்டு வாசலில் நின்று, "நீ யார்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

இந்தப் பூட்டின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் ஆட்டத்தோடு வரும் புத்தகமே பூட்டாக இருந்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் ஆடிய 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'வில் ஆரம்பத்திலேயே ஓர் அறை வரும். புத்தகத்தின் இன்ன பக்கம், இன்ன வரி, இன்ன சொல்லின் முதல் எழுத்து எது என்று பார்த்து, அந்த எழுத்துள்ள குப்பியைக் குடிக்க வேண்டும். புத்தகம் தொலைந்தால் இளவரசன் அந்த அறையோடு சரி.

பிறகு சி.டி. வந்தது. 1990-களின் நடுவில் பல வீட்டுக் கம்ப்யூட்டர்களின் ஹார்ட் டிஸ்க்கே அரை ஜிகாபைட், ஒரு ஜிகாபைட்தான். ஒரு சி.டி.யிலோ 650 மெகாபைட் அடங்கும். ஆகவே ஆடும்போது சி.டி. உள்ளே இருக்க வேண்டியது உண்மையிலேயே அவசியமாக இருந்தது. ஹார்ட் டிஸ்க் பெரிதான பிறகு அந்த அவசியம் போய்விட்டது. வழக்கம் மட்டும் நின்றது. சி.டி. வெறும் டிக்கெட் ஆனது. டிக்கெட்டை நகல் எடுத்துவிடுவார்களே என்ற பயத்தில், 1990-களின் இறுதியில் மேக்ரோவிஷன் நிறுவனத்தின் 'சேஃப்டிஸ்க்', சோனி டி.ஏ.டி.சி.யின் 'செக்யூரோம்' போன்ற பூட்டுகள் வந்தன. சாதாரணமாக நகல் எடுத்தால் வராத அடையாளங்களை அசல் சி.டி.யில் வைத்தார்கள். சேஃப்டிஸ்க், வேண்டுமென்றே பிழையான சில பகுதிகளைப் பதித்தது. அவை இருந்தால் அசல், இல்லாவிட்டால் போலி.

இதில் சேஃப்டிஸ்க், விண்டோஸின் உள்ளறைக்குள்ளேயே ஒரு காவல்காரனை உட்கார வைத்தது. அந்தக் காவல்காரன் வழியாகவே விஷமிகள் உள்ளே புக வழியிருப்பது 2007-இல் தெரியவந்தது. 2015-இல் வெளிவந்த விண்டோஸ் 10 அவனைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த பாதுகாப்புத் திருத்தம், விஸ்டா, 7, 8 ஆகிய பழைய விண்டோஸ்களிலும் அவனுடைய வேலையை நிறுத்திவைத்தது. பாதுகாப்பு என்று பார்த்தால் அது சரியான முடிவுதான். குறை சொல்ல மாட்டேன். ஆனால் விளைவு என்ன? சேஃப்டிஸ்க் பூட்டுப் போட்ட ஆட்டத்தின் அசல் சி.டி. ஒரு கீறல் இல்லாமல் இருந்தாலும் புதிய கம்ப்யூட்டரில் அது செல்லாது. எங்கள் பெட்டியில் இருந்தது எந்தப் பூட்டோ, நான் ஆராயவில்லை. நடந்தது இந்த ரகம்தான்.

இப்போது பாருங்கள் வேடிக்கையை. நடைபாதையில் வாங்கியவனுடைய சி.டி.யில் இந்தப் பூட்டே கிடையாது. உடைத்துத்தான் விற்றார்கள். அவனுடைய ஆட்டத்துக்கு இந்தத் தடை இல்லை. ஆயிரம் ரூபாய் கொடுத்து ரசீது வாங்கியவனுக்குத்தான் கதவு சாத்தியிருக்கிறது. பூட்டு கடைசியில் யாரைத் தடுத்தது?

தீபாவளி வாழ்த்துச் சொல்ல வந்த அந்தப் பையன், விஷயத்தைக் கேட்டதும் ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்தான். இப்போது அவன் சாஃப்ட்வேர் துறையில் இருக்கிறான். எங்கள் சி.டி.யிலிருந்து முழுப் பிரதி ஒன்றைக் கோப்பாக எடுத்து வைத்தான். ஆட்டத்தின் புரோகிராமில், "சி.டி. உள்ளே இருக்கிறதா?" என்று கேட்கிற இடத்தை மட்டும் கேட்காமல் போகும்படி மாற்றினான். பேரன் ஆடினான். மகள் அவன் தோளுக்குப் பின்னால் நின்று, "முதல்லே விறகு வெட்டு, அப்புறம் கோட்டை கட்டு" என்று இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய யோசனைகளைச் சொன்னாள். அப்போதுதான் அந்தச் "சோரி தோ சோரி ஹை" வந்தது.

சிரிப்புக்குச் சொன்னாலும் எனக்கு உறுத்தியது. தணிக்கைக்காரன் புத்தி சும்மா இருக்குமா? சட்டத்தை எடுத்துப் படித்தேன். நான் வக்கீல் அல்ல. விதிகளைப் படித்துப் பழகியவன், அவ்வளவுதான். நமது 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவில், 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்த்த ஒரு பகுதி இருக்கிறது. கம்ப்யூட்டர் புரோகிராமின் பிரதி ஒன்றைச் சட்டப்படி வைத்திருப்பவர், அது எதற்காகத் தரப்பட்டதோ அதற்குப் பயன்படுத்திக்கொள்ளப் பிரதி எடுக்கலாம், தக்கபடி மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். தொலைந்துபோகாமல், கெட்டுப்போகாமல் இருக்கத் தற்காலிகப் பாதுகாப்பாக மாற்றுப் பிரதியும் வைத்துக்கொள்ளலாம் என்கிறது அது. ஆட்டம் எதற்காகத் தரப்பட்டது? ஆடுவதற்காகத்தானே!

பூட்டைத் திறப்பது பற்றி 2012-இல் 65ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். காப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. நோக்கம் என்ற சொல்லைக் கவனியுங்கள். சட்டம் வெளிப்படையாகத் தடை செய்யாத காரியத்துக்காகத் திறப்பதை இந்தப் பிரிவு தடுப்பதில்லை. ஆனால் திறக்க உதவுகிறவர், யாருக்காக, எதற்காக என்று பெயர், முகவரியோடு பதிவு வைத்திருக்க வேண்டும். (பையனிடம் இதைச் சொன்னேன். "நோட்டுப் புத்தகம் வாங்கிவிடுகிறேன், அங்கிள்" என்றான்.) மறுபக்கம், திருட்டுப் பிரதி என்று தெரிந்தே புரோகிராமைப் பயன்படுத்துவது 63பி பிரிவின்படி குற்றம். ஆக, சட்டமும் நானும் ஒரே இடத்தில்தான் நிற்கிறோம் என்று எனக்குப் படுகிறது. வாங்காமல் எடுத்துக்கொள்வது வேறு. வாங்கியதைத் திறந்துகொள்வது வேறு. முன்னதைப் பற்றி 2000-இல் நான் சொன்னதில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை. பின்னது திருட்டல்ல.

ஆட்டம் செய்தவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. நேரு பிளேஸ் நடைபாதையைப் பார்த்தவர்கள் அதை மறுக்க முடியாது. இரண்டு மூன்று வருஷம் உழைத்துச் செய்த பொருளை மறுவாரமே யாரோ துணி விரித்து விற்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? புதிதாக விற்கும்போது பூட்டுப் போடட்டும். விற்பனை நின்ற பிறகும், ஆட்டத்தைக் கவனிக்க ஆளே இல்லாத பிறகும் பூட்டு எதற்கு? கடையை மூடிவிட்டுப் போகிறவர், வாடிக்கையாளர் ஒப்படைத்த பொருளின் சாவியையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாமா?

முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. பிளிஸார்ட் நிறுவனம் 1998-இல் 'ஸ்டார்கிராஃப்ட்' ஆட்டத்தை வெளியிட்டது. பத்து ஆண்டு கழித்து, 2008-இல், சி.டி.யில் உள்ள கோப்பை ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொண்டால் இனி சி.டி. வேண்டாம் என்று அவர்களே திருத்தம் கொடுத்தார்கள். அதே ஆண்டு 'டயாப்லோ 2' ஆட்டத்துக்கும் செய்தார்கள். யாரும் திவாலாகவில்லை. 'பெனீத் எ ஸ்டீல் ஸ்கை' என்ற 1994-ஆம் ஆண்டு ஆட்டத்தை 2003-இல் இலவசமாகவே கொடுத்துவிட்டார்கள். போலந்து நாட்டு நிறுவனம் ஒன்று 2008-இல் 'குட் ஓல்ட் கேம்ஸ்' என்ற பெயரில் தொடங்கி, பூட்டில்லாமல் பழைய ஆட்டங்களைப் புதிய கம்ப்யூட்டரில் ஓடும்படி செய்து விற்றுவருகிறது. அப்படி முறையாக விற்கிற ஆட்டமானால் நான் வாங்கத்தான் சொல்வேன்.

ஆனால் பெரும்பாலானவற்றுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்று அங்குள்ள வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் கணக்கிட்டுச் சொன்னது. செய்தவர்களே தொலைத்துவிடுவதும் உண்டு. 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'வை 1989-இல் உருவாக்கிய ஜோர்டன் மெக்னர், தம்பியை ஓடவிட்டுப் படம் பிடித்துத்தான் அந்த இளவரசனை ஓடவைத்தார். அந்த ஆட்டத்துக்கு இசை அமைத்தவர் அவருடைய தந்தை. தாம் எழுதிய மூல நிரலையே மெக்னர் தொலைத்துவிட்டார். 2012-இல் தந்தையார் தம் வீட்டில் ஒரு பெட்டியில் பழைய ஃபிளாப்பிகளைக் கண்டெடுத்து அனுப்பினார். விவரமறிந்த இருவர் உதவியோடு அவற்றைப் படித்து, எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டார் மெக்னர். உலகமே ஆடிய ஆட்டம், ஓர் அப்பா பெட்டியைத் தூக்கி எறியாததால் பிழைத்தது! பரணைக் காலி செய்யச் சொல்லும் இல்லத்தரசிகள் கவனிக்க.

"விளையாட்டுச் சாமான்தானே சார், இதற்கு இவ்வளவு வியாக்கியானமா?" என்று சிலர் கேட்கலாம். நம்மைப் போல் ஊரை விட்டு வந்தவர்கள் வீட்டில் அது விளையாட்டுச் சாமான் மட்டுமல்ல. பக்கத்துத் தெருவில் அத்தையும் சித்தப்பாவும் இல்லாத ஊரில், கோடை விடுமுறையில் மாமா வீட்டுத் திண்ணை இல்லாத குழந்தைகள், அடுத்த வீட்டுப் பையனோடு உட்கார்ந்து ஆடித்தான் அந்த ஊரைத் தங்கள் ஊராக்கிக்கொண்டார்கள். என் மகள் இந்தி பேசப் பழகியது பள்ளியிலா, அந்தக் கம்ப்யூட்டர் முன்னாலா என்று கேட்டால் எனக்குச் சந்தேகம்தான்.

இன்னொன்றும் உண்டு. அதே பரணில், அதே காலத்தில் வாங்கிய தமிழ்ப் பயிற்சி சி.டி. ஒன்றும் இருந்தது. அ, ஆ என்று எழுத்து வரும், குரல் வரும், சின்னச் சின்ன விளையாட்டுகளும் உண்டு. அதற்கென்றே செய்த எழுத்துரு, அந்தக் கால விண்டோஸுக்கு எழுதிய புரோகிராம். வெளியிட்டவர்கள் தொழிலை விட்டே வருஷங்கள் ஆகின்றன. அதுவும் இன்று ஓடவில்லை. பையனும் கை விரித்துவிட்டான். பேரனுக்கு அதைக் காட்ட முடியவில்லை என்பதுதான், உண்மையைச் சொன்னால், எனக்கு அதிக வருத்தம். ஏட்டைப் பெயர்த்து எழுத ஆள் இல்லாத ஊரில் ஏடு செல்லுக்கு இரையாயிற்று. சி.டி.க்கும் அதே விதிதான்.

நூலகங்கள் காப்பாற்றுமே என்று பார்த்தால் அங்கும் ஒரு முடிச்சு. அதே 52-ஆவது பிரிவு, லாப நோக்கமில்லாத பொது நூலகங்கள் பாதுகாப்புக்காக ஒரு படைப்பை மின்னணு வடிவில் சேமிக்கலாம் என்று 2012 முதல் அனுமதிக்கிறது. நிபந்தனை: அந்தப் படைப்பின் டிஜிட்டல் அல்லாத பிரதி நூலகத்தில் இருக்க வேண்டும். புத்தகத்துக்குப் பொருந்தும். பிறவியிலேயே டிஜிட்டலாகப் பிறந்த ஆட்டத்துக்கும் தமிழ்ப் பயிற்சி சி.டி.க்கும் டிஜிட்டல் அல்லாத பிரதிக்கு எங்கே போவது? இந்த ஒரு சொல்லை மாற்றினால் போதும். தில்லியிலேயே இருக்கும் நம்மவர்கள், தெரிந்த எம்.பி.க்களின் காதில் இதைப் போட்டு வைத்தால் புண்ணியம்.

அதுவரை நாம் செய்யக்கூடியது இது. வீட்டில் உள்ள அசல் சி.டி.களை, டிரைவ் இன்னும் கிடைக்கும்போதே, முழுப் பிரதியாகக் கோப்பாக்கி வையுங்கள். விண்டோஸ் 8 முதல் இத்தகைய ஐ.எஸ்.ஓ. கோப்பை இரண்டு தட்டு தட்டினால் அதுவே சி.டி.போலத் திறக்கும். ஆட்டத்தில் தனிப் பாட்டுத் தடங்கள் இருந்தால் ஐ.எஸ்.ஓ.வில் அவை வராது. பின், கியூ என்ற ஜோடிக் கோப்பாக எடுக்க வேண்டும். டாஸ் காலத்து ஆட்டங்களுக்கு 'டாஸ்பாக்ஸ்' என்ற இலவச மென்பொருள் உண்டு. பூட்டுத் திறந்த கோப்பு என்று இணையத்தில் முன்பின் தெரியாதவர் தருவதை மட்டும் அவசரப்பட்டு ஏற்றாதீர்கள். வைரஸும் கூடவே வரலாம். முதலில் நிறுவனமே கடைசியாகத் திருத்தம் கொடுத்திருக்கிறதா என்று தேடுங்கள். எடுத்த பிரதியை ஊருக்கெல்லாம் வழங்காதீர்கள். வழங்கினால் நடைபாதைத் துணிக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லை.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு யோசனை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழ் வகுப்பு நடக்கும் கூடத்தில் டிரைவோடு ஒரு கம்ப்யூட்டரை வைப்போம். அவரவர் அசல் சி.டி.யைக் கொண்டுவந்து, அவரவர் பென் டிரைவில் பிரதி எடுத்துப் போகட்டும். பண்டமாற்று கிடையாது. பதிவேடு எழுத நான் தயார். உதவிக்கு அந்தப் பையனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான். சாப்பாடு மட்டும் தோசையாக இருக்க வேண்டுமாம்.

நான் செய்தது தவறு என்று நினைக்கும் அன்பர்கள் தயங்காமல் ஆசிரியருக்கு எழுதுங்கள். ரசீது பெட்டியிலேயே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் தணிக்கை செய்யலாம்.